பழைய ஜெர்மன் வரைபடத்தில் ஹங்கேரி ஊர்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஹங்கேரி வரலாற்றைப் புதிதாகப் படிக்க ஆரம்பிப்பவர்கள் முதல் சில பக்கங்களிலேயே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ராப் என்று ஓர் ஊர் வரும், க்ரான் என்று ஓர் ஊர் வரும், ஓஃபென் முற்றுகை என்று ஒரு முழு அத்தியாயமே வரும், ஆனால் இன்றைய வரைபடத்தை விரித்தால் இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது. அழிந்துபோன ஊர்களா என்றால் அதுவும் இல்லை. ராப் என்பது இன்று ஆவ்டி கார் எஞ்சின்கள் தயாராகிற டியோர் நகரம். க்ரான் என்பது ஹங்கேரியக் கத்தோலிக்கத் தலைமைப் பேராயரின் ஊரான எஸ்டெர்கோம். ஓஃபென் என்பது வேறு எதுவுமில்லை, புடாபெஸ்டின் பாதியான புடாதான்.

பழைய தபால்தலை, தபால் உறை சேர்ப்பவர்கள், ஆஸ்திரியாவையும் ஹங்கேரியையும் ஆண்ட ஹாப்ஸ்புர்க் அரச வம்சத்துக் காலத்து வரலாறு படிப்பவர்கள், ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ வேலை பார்த்துக்கொண்டு விடுமுறைக்கு எல்லை தாண்டி ஊர் சுற்றுகிறவர்கள் என்று இந்தப் பெயர்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நம்மில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. ஜெர்மன் பெயர், ஹங்கேரியப் பெயர் என்று இரண்டு பத்தி போட்ட பட்டியல்கள் இணையத்தில் ஏராளம், அதில் ஒன்றை இறக்கி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் பட்டியலை மட்டும் நம்பிப் போனால் தப்பான ஊரில், சில சமயம் தப்பான நாட்டில் போய் நிற்பீர்கள். ஒரே ஜெர்மன் பெயர் இரண்டு மூன்று ஊர்களுக்கு இருக்கும். அதனால் பெயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஆண்டு, அப்புறம் மாவட்டம், அப்புறம் ஆறு, அதற்குப் பிறகுதான் பெயர். இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் சிக்கல் வராது.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன

ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே கழற்றி வைத்துவிடலாம். ஆஸ்திரியர்கள் வந்து ஆண்டபோது ஹங்கேரிய ஊர்களின் பெயரை மாற்றினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது அப்படி இல்லை. இடைக்காலத்திலேயே ஹங்கேரிய அரசர்கள் ஜெர்மன் பேசும் வணிகர்களையும் கைவினைஞர்களையும் அழைத்துக் குடியேற்றினார்கள். புடா, பெஸ்ட், ஷோப்ரோன் போன்ற நகரங்களில் ஜெர்மன் பேசும் நகரத்தார் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். அவர்கள் வீட்டில் பேசிய பெயர்தான் ஓஃபென், ஓடன்புர்க் எல்லாம். அதே தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் ஹங்கேரியப் பெயரைச் சொல்லியிருப்பார், பாதிரியார் லத்தீன் பெயரை எழுதியிருப்பார். மூன்றும் ஒரே காலத்தில் புழங்கியவை.

இரண்டாவது அலை 1686இல் துருக்கியரிடமிருந்து புடா மீட்கப்பட்ட பிறகு வந்தது. ஆள் இல்லாமல் கிடந்த நிலங்களில் ஜெர்மன் விவசாயிகள் குடியேற்றப்பட்டார்கள், பலர் உல்ம் நகரத்திலிருந்து டானூபில் படகேறி வந்தவர்கள். டானூப் ஷ்வாபியர் என்று பிற்பாடு அழைக்கப்பட்டவர்கள் இவர்கள்தான். இவர்கள் வழியாக நகரங்கள் மட்டுமில்லாமல் நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கும் ஜெர்மன் பெயர் வந்தது. அரசாங்கம் என்று பார்த்தால் ஹாப்ஸ்புர்க் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் 1784இல் ஜெர்மனை ஆட்சி மொழியாக்கி 1790இல் அதைத் திரும்பப் பெற்றார். 1849இல் ஹங்கேரியப் புரட்சி ஒடுக்கப்பட்ட பிறகு ஒரு பத்து ஆண்டுக்கும் மேல் மறுபடியும் அலுவலகங்களில் ஜெர்மன் ஓங்கியது. உங்கள் கையில் ஜெர்மன் பெயரோடு ஓர் அரசாங்கக் காகிதம் இருக்கிறது என்றால் அது இந்தக் காலத்ததாக இருக்க நல்ல வாய்ப்பு.

முதல் படி: ஆண்டைப் பாருங்கள்

ஆண்டு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. காரணம், "ஹங்கேரி" என்ற சொல்லுக்கே ஆண்டைப் பொறுத்து அளவு மாறும். முதல் உலகப் போருக்குப் பிறகு 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான ட்ரியனோன் சமாதான ஒப்பந்தத்துக்கு முன்பு ஹங்கேரி அரசு இன்றைய நாட்டைப் போல மூன்று மடங்கு பெரியது. இன்றைய ஸ்லோவாக்கியா முழுவதும், ருமேனியாவின் டிரான்சில்வேனியா, செர்பியாவின் வடபகுதி, ஆஸ்திரியாவின் கிழக்கு ஓரம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

ஆகவே 1880ஆம் ஆண்டுக் காகிதம் ஒன்றில் "ஹங்கேரி, ப்ரெஸ்புர்க்" என்றிருந்தால் இன்றைய ஹங்கேரிக்குள் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஹங்கேரியர்கள் பொஜோன் என்று சொல்லும் அந்த ஊர் இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா. இந்தப் பெயரே 1919இல்தான் அதிகாரப்பூர்வமானது. 1563 முதல் 1830 வரை ஹங்கேரிய மன்னர்களுக்கு முடிசூட்டிய ஊர் அது, ஆகவே வரலாற்றுப் புத்தகங்களில் ப்ரெஸ்புர்க் வந்துகொண்டே இருக்கும். காஷாவ் என்றால் ஸ்லோவாக்கியாவின் கோஷிட்செ. க்லவுசன்புர்க் என்றால் ருமேனியாவின் க்ளூஜ், ஹெர்மன்ஷ்டாட் என்றால் சிபியு, க்ரோன்ஷ்டாட் என்றால் பிராஷோவ், க்ரோஸ்வார்டைன் என்றால் ஒரடேயா. நொய்சாட்ஸ் என்றால் செர்பியாவின் நோவி சாட். இந்த ஊர்களுக்கெல்லாம் மூன்று பெயர், சிலவற்றுக்கு நான்கு. குழம்ப வேண்டாம், எந்த ஆண்டில் எந்த நாட்டுக்குள் இருந்தது என்பதைப் பக்கத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

இன்னோர் ஆண்டும் முக்கியம்: 1873. அதற்கு முன்பு புடாபெஸ்ட் என்று ஒரே நகரம் கிடையாது. புடா, பெஸ்ட், ஓபுடா மூன்றும் தனித்தனி. ஜெர்மனில் ஓஃபென், பெஸ்ட், ஆல்ட்ஓஃபென். அந்தக் காலத்து பெஸ்ட் என்ற பெயரை ஜெர்மனில் கடைசியில் ஒரு எச் சேர்த்து எழுதியிருப்பார்கள். 1860இல் ஒருவர் "ஓஃபெனில் பிறந்தவர்" என்றால் ஆற்றின் மேற்குக் கரையில் பிறந்தவர், அவ்வளவு துல்லியம் அதில் இருக்கிறது. அதைப் "புடாபெஸ்டில் பிறந்தவர்" என்று எழுதினால் அந்தத் தகவலைத் தூக்கிப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

1898இல் வந்த நான்காம் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். ஓர் ஊருக்கு ஓர் அதிகாரப்பூர்வப் பெயர்தான் என்று அது சொன்னது. அதற்குப் பிந்தைய அரசாங்கப் பதிவுகளில் ஜெர்மன் பெயர் அரிதாகத்தான் தென்படும், கடிதத்திலும் செய்தித்தாளிலும் மக்கள் பேச்சிலும் அது தொடர்ந்தது.

இரண்டாவது படி: பெயர் எந்த ரகம் என்று பிரியுங்கள்

எல்லா ஜெர்மன் பெயரும் ஒரே மாதிரி உருவானவை இல்லை. நான் நான்கு ரகமாகப் பிரித்து வைத்திருக்கிறேன், புலமை வகைப்பாடெல்லாம் இல்லை, தேடுவதற்கு வசதி.

எளிய ரகம், காதில் விழுந்ததை அப்படியே ஜெர்மன் நாக்குக்கு ஏற்றுக்கொண்டவை. டெப்ரெட்சென் டெப்ரெட்சின் ஆனது, செகெட் செகெடின் ஆனது, மோஹாச் மோஹாட்ச் ஆனது, வாட்ஸ் வைட்சென் ஆனது, கோமாரோம் கோமோர்ன் ஆனது. வாய்விட்டுப் படித்தாலே கண்டுபிடித்துவிடலாம். ஷ்வாபியக் கிராமங்களில் இந்த ரகம் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். புடாபெஸ்டை ஒட்டிய புடாஓர்ஷ் வுடெர்ஷ் ஆகிவிட்டது, புடாகெசி வுடிகெஸ் ஆகிவிட்டது, பிலிஷ்வோரோஷ்வார் சுருங்கி வெரிஷ்வார் ஆகிவிட்டது, ஷோய்மார் என்ற ஊர் ஷாவ்மார் ஆகிவிட்டது. பேச்சுவழக்கில் பிறந்த பெயர்கள் என்பதால் எழுத்து ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

இரண்டாவது ரகம் பொருளைப் பெயர்த்தவை. இதன் ராஜா சேகெஷ்ஃபெஹேர்வார். ஹங்கேரிய மொழியில் சேக் என்றால் ஆசனம், ஃபெஹேர் என்றால் வெள்ளை, வார் என்றால் கோட்டை. ஜெர்மனில் அப்படியே ஷ்டூல்வைசன்புர்க், அதே ஆசனம், அதே வெள்ளை, அதே கோட்டை. அரசர்களுக்கு முடிசூட்டி, இறந்தால் அங்கேயே புதைத்த ஊர் என்பதால் ஆசனம் வந்தது. இந்த ரகத்துக்காகச் சில ஹங்கேரியச் சொற்களை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், செலவழித்த நேரத்துக்கு நல்ல பலன் உண்டு. நாடி என்றால் பெரிய, ஜெர்மனில் க்ரோஸ். கிஷ் என்றால் சின்ன, ஜெர்மனில் க்ளைன். ஊய் என்றால் புதிய, நொய். ஓ என்றால் பழைய, ஆல்ட். ஃபெல்ஷோ மேல், ஓபர். அல்ஷோ கீழ், உன்டர். சென்ட் என்றால் புனித, ஜெர்மனில் சாங்க்ட். நேமெத் என்றால் ஜெர்மன், டொய்ச். மடியார் என்றால் ஹங்கேரிய, உங்காரிஷ். இப்போது ஆஸ்திரியாவில் இருக்கும் ஓபர்வார்ட் என்ற ஊரின் ஹங்கேரியப் பெயர் ஃபெல்ஷோஓர், இரண்டுமே மேல்காவல். உன்டர்வார்ட் அல்ஷோஓர், கீழ்க்காவல். ஒரு தடவை இந்தச் சாவி கைக்கு வந்துவிட்டால் பார்க்காத ஊரையும் ஊகித்துவிடலாம்.

மூன்றாவது ரகம் ஆற்றுப் பெயர். இங்கே ஜெர்மன்காரர்கள் ஊரை விட்டுவிட்டு ஆற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ராபா ஆறு டானூபின் கிளையோடு சேரும் இடத்தில் டியோர் இருக்கிறது, ராபா ஜெர்மனில் ராப், ஆகவே ஊரும் ராப். எஸ்டெர்கோமுக்கு எதிரே வடக்கிலிருந்து கராம் ஆறு டானூபில் விழுகிறது, கராம் ஜெர்மனில் க்ரான், ஊரும் க்ரான். கோசெக் என்ற சின்ன மலையடி ஊர் க்யூன்ஸ், அதுவும் அங்கே ஓடும் ஆற்றின் பெயர்தான். 1532இல் சுலைமான் சுல்தானின் படையைத் தடுத்து நிறுத்திய க்யூன்ஸ் முற்றுகை என்று படித்தால் இந்தக் கோசெக்கைத்தான் சொல்கிறார்கள், அதன் நினைவாக இன்றும் அங்கே காலை 11 மணிக்கு மணி அடிக்கிறார்கள்.

நான்காவது ரகத்தில்தான் அதிகம் திணறுவீர்கள். ஹங்கேரியப் பெயருக்கும் ஜெர்மன் பெயருக்கும் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. சோம்பத்ஹெய் என்றால் சனிக்கிழமை இடம், அதாவது சனிச்சந்தை கூடிய ஊர். ஜெர்மனில் ஷ்டைனமாங்கர், புல்வெளியில் கிடக்கும் கல் என்ற பொருள். ரோமானியர் காலத்து சவாரியா நகரத்தின் இடிபாட்டுக் கற்களை வைத்து வந்த பெயர் என்பார்கள். பேச் நகரம் ஜெர்மனில் ஃபுன்ஃப்கிர்ஷென், ஐந்து தேவாலயம். இது ஹங்கேரியப் பெயரிலிருந்து வரவில்லை, குவின்குவே எக்லேசியே என்ற லத்தீன் பெயரின் நேர்ப்பெயர்ப்பு. ஷோப்ரோன் ஓடன்புர்க் ஆனதும் பாழடைந்த கோட்டை என்ற பொருளில், அங்கேயும் ரோமானிய இடிபாடுகள்தான் காரணம் என்பது வழக்கமான விளக்கம். விஷெக்ராட் ப்ளின்டென்புர்க், எகெர் எர்லாவ். இந்த ரகத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு வழியில்லை. நல்ல வேளை, பெரிய ஊர்களில் இந்த மாதிரி ஒரு கை விரல்களுக்கு மேல் கொஞ்சம்தான்.

புடாவின் ஓஃபென் எங்கே சேரும்? ஓஃபென் என்றால் அடுப்பு, சூளை. பெஸ்ட் என்ற சொல்லும் ஸ்லாவிய மொழிகளில் அடுப்பைக் குறிப்பதுதான். ஆக எதிர்க்கரையின் பெயரைப் பெயர்த்து இந்தக் கரைக்கு வைத்தார்கள் போலத் தெரியும். மங்கோலியப் படையெடுப்புக்குப் பிறகு நான்காம் பேலா அரசர் மேற்குக் கரைக் குன்றில் கட்டிய கோட்டையைப் பழைய லத்தீன் ஆவணங்கள் பெஸ்ட் மலையின் புதுக்கோட்டை என்றே குறிக்கின்றன. பெஸ்ட் என்ற பெயர் அப்போது இரண்டு கரைக்கும் படர்ந்திருந்தது, அதனால்தான் இந்த விசித்திரம்.

மூன்றாவது படி: ஒரே பெயர் கொண்ட ஊர்களை விலக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

எகெர் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். இன்றைய ஹங்கேரியில் எகெர் என்று ஓர் ஊர் இருக்கிறது, 1552 முற்றுகைக்கும் காளை ரத்தம் என்ற சிவப்பு ஒயினுக்கும் பெயர்போனது. ஆனால் ஜெர்மன் ஆவணத்தில் எகெர் என்று இருந்தால் அது பெரும்பாலும் இந்த ஊர் இல்லை, பொஹீமியாவில் இருக்கும் வேறோர் ஊர், செக் மொழியில் ஹெப். 1634இல் தளபதி வாலன்ஷ்டைன் கொல்லப்பட்டது அங்கேதான். ஹங்கேரிய எகெர் ஜெர்மனில் எர்லாவ். அதனால் ஜெர்மன் காகிதத்தில் எகெர் என்று பார்த்தவுடன் ஹங்கேரிக்கு ஓடாதீர்கள், எர்லாவ் என்று பார்த்தால் ஓடலாம்.

வைசன்புர்க் இன்னும் மோசம். வெள்ளைக்கோட்டை என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். ஷ்டூல்வைசன்புர்க் என்றால் சேகெஷ்ஃபெஹேர்வார். வெறும் வைசன்புர்க் என்று டிரான்சில்வேனியா சம்பந்தப்பட்ட காகிதத்தில் வந்தால் இன்றைய ருமேனியாவின் ஆல்பா யூலியா, பதினெட்டாம் நூற்றாண்டில் அது கார்ல்ஸ்புர்க் ஆகிவிட்டது. க்ரீகிஷ் வைசன்புர்க், அதாவது கிரேக்க வெள்ளைக்கோட்டை என்றால் பெல்கிரேட். போதாக்குறைக்கு பவேரியாவில் ஒரு வைசன்புர்க் உண்டு, அதற்கும் ஹங்கேரிக்கும் சம்பந்தமே இல்லை.

வீசல்புர்க் என்ற பெயரும் அப்படித்தான். ஆஸ்திரியாவில் வீசல்புர்க் என்றே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. பழைய ஹங்கேரிய வீசல்புர்க் என்பது மோஷோன். பக்கத்து ஊரான மடியாரோவார் ஜெர்மனில் உங்காரிஷ் ஆல்டன்புர்க், ஹங்கேரியப் பழங்கோட்டை. "ஹங்கேரிய" என்ற அடைமொழி ஏன் என்றால் டானூபில் கொஞ்சம் மேலே போனால் ஆஸ்திரியாவில் டொய்ச் ஆல்டன்புர்க், ஜெர்மன் பழங்கோட்டை, இருக்கிறது. மோஷோனும் மடியாரோவாரும் 1939இல் இணைந்து மோஷோன்மடியாரோவார் ஆயின. அடைமொழியைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால் மூன்று நாடுகளில் தேட வேண்டியிருக்கும்.

சாங்க்ட் கோட்ஹார்ட் என்றால் சுவிஸ் மலைக்கணவாய் என்று நினைத்துவிட வேண்டாம், 1664இல் துருக்கியரோடு போர் நடந்த சென்ட்கோட்ஹார்ட் ஆஸ்திரிய எல்லையை ஒட்டி ஹங்கேரியில் இருக்கிறது. க்ரோன்ஷ்டாட் என்றால் ரஷ்யக் கடற்படைத் தளமும் உண்டு, டிரான்சில்வேனிய பிராஷோவும் உண்டு. ராப், க்ரான் இரண்டும் ஆறா ஊரா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் பார்க்க வேண்டும். கோமோர்ன் ஒரு காலத்தில் டானூபின் இரு கரையிலும் இருந்த ஊர், இன்று தென்கரை ஹங்கேரியின் கோமாரோம், வடகரை ஸ்லோவாக்கியாவின் கோமார்னோ. பழைய கோமோர்ன் என்றால் பெரும்பாலும் வடகரையைத்தான் சொல்வார்கள், பழைய நகரம் அங்கேதான்.

இதையெல்லாம் எப்படிப் பிரித்தறிவது? மாவட்டப் பெயரால்தான். அந்தக் காலத்து மாவட்டத்தை ஜெர்மனில் கொமிடாட் என்பார்கள், ஹங்கேரியத்தில் வார்மெட்யே. கடிதத்தின் முகவரியிலோ பதிவேட்டின் தலைப்பிலோ அது பெரும்பாலும் இருக்கும். மாவட்டங்களுக்கும் ஜெர்மன் பெயர் உண்டு: வாஷ் மாவட்டம் ஐசன்புர்க், மோஷோன் மாவட்டம் வீசல்புர்க், ஷோப்ரோன் மாவட்டம் ஓடன்புர்க், பொஜோன் மாவட்டம் ப்ரெஸ்புர்க். நான்கும் புர்க் என்று முடிகிறதா? இந்த நான்கு மாவட்டங்களையும் வைத்து ஜெர்மன் பேசும் மேற்கு ஹங்கேரிக்கு ஒரு பெயர் யோசித்தபோது வந்ததுதான் புர்கன்லாண்ட். ஆஸ்திரியாவின் அந்த மாநிலம் 1921இல் உருவானபோது நான்கு ஊர்களில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஓடன்புர்க் கிடைத்திருக்க வேண்டியது, 1921 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 65 சதவீதம் பேர் ஹங்கேரிக்கே வாக்களித்தார்கள்.

நான்காவது படி: எழுத்தை வளைத்துத் தேடுங்கள்

தேடுபெட்டியில் ரோமன் எழுத்தில்தான் அடிக்க வேண்டும், அங்கே சில சில்லறைத் தொல்லைகள். ஜெர்மனில் உயிரெழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி வரும், அதை உம்லாவ்ட் என்பார்கள். பழைய அச்சில் புள்ளிக்குப் பதில் பக்கத்தில் ஒரு ஈ எழுத்தைச் சேர்த்திருப்பார்கள், ஓடன்புர்க்கை ஓ, ஈ என்று தொடங்கி எழுதியிருப்பதை நிறையப் பார்க்கலாம். எஸ்செட் என்ற பீட்டா மாதிரி எழுத்துக்குப் பதில் இரண்டு எஸ் போட்டும் தேடுங்கள். டி (D), டீ (T) ஒலிகளும் பி (B), பீ (P) ஒலிகளும் தெற்கு ஜெர்மன் பேச்சில் ஒன்றுக்கொன்று இடம் மாறும். டாடா என்ற ஊரை டீ (T) எழுத்தில் தொடங்கும் டோடிஸ் என்றும், மென்மையான டி (D) எழுத்தில் தொடங்கும் தோடிஸ் என்றும் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள்.

கையெழுத்து என்றால் அது குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தாக இருக்கும். அதில் ஈ எழுத்து என் எழுத்து மாதிரியே தெரியும், நீள எஸ் எஃப் மாதிரித் தெரியும். அந்த அரிச்சுவடியை அச்சடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் உட்காரவே உட்காராதீர்கள்.

தேடலில் இன்னொரு கூத்து. பெஸ்ட் என்று ஜெர்மன் நூலகத்தில் தேடினால் பிளேக் நோய் பற்றிய புத்தகங்கள் வந்து கொட்டும், ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். ஓஃபென் என்று தேடினால் அடுப்பு விற்கிறவர்கள் வருவார்கள். ராப் என்றால் ராப் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் எல்லோரும் வரிசை கட்டுவார்கள். கூடவே ஜெர்மனில் ஹங்கேரி என்ற சொல்லையோ கொமிடாட் என்ற சொல்லையோ சேர்த்து அடியுங்கள், முக்கால்வாசிக் குப்பை வடிந்துவிடும்.

ஊர்ப்பெயரின் முடிவில் எர் சேர்ந்தால் அது "அந்த ஊருடைய" என்று ஆகும். பெஸ்டர், ராபர், ஓடன்புர்கர், எர்லாவர். இசையமைப்பாளர் லிஸ்ட்டின் க்ரானர் மெஸ்ஸே என்றால் க்ரானர் என்ற மனிதர் யாரும் இல்லை, 1856இல் எஸ்டெர்கோம் பேராலயத் திறப்புக்காக எழுதப்பட்ட திருப்பலி இசை. ஜெர்மன் உணவகத்தில் எர்லாவர் ஷ்டீயர்ப்ளூட் என்றால் எகெரின் காளை ரத்த ஒயின், டெப்ரெட்சினர் என்றால் ஒரு வகை சாசேஜ். ஆனால் செகெடினர் குலாஷ் என்று அட்டையில் போட்டிருப்பதைச் செகெட் நகரத்துக்குப் போய்க் கேட்காதீர்கள், ஹங்கேரியில் அந்தப் பண்டத்துக்குப் பெயர் சேகெய்குயாஷ்.

ஐந்தாவது படி: லத்தீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

இது விருப்பப் பாடம் இல்லை. ஹங்கேரியில் 1844 வரை ஆட்சி மொழியே பெரும்பாலும் லத்தீன்தான், கத்தோலிக்கத் தேவாலயப் பதிவேடுகளும் அதில்தான். டியோர் ஜவுரினம், எஸ்டெர்கோம் ஸ்ட்ரிகோனியம், எகெர் அக்ரியா, சேகெஷ்ஃபெஹேர்வார் ஆல்பா ரெஜியா, ஷோப்ரோன் செம்ப்ரோனியம், பொஜோன் பொசோனியம், காஷாவ் கசோவியா. பழைய புத்தகத்தின் முகப்பில் அச்சிட்ட ஊர் வேற்றுமை உருபு ஏறி ஜவுரினி, கசோவியே என்று நிற்கும், அதைத் தனி ஊர் என்று எண்ண வேண்டாம்.

ஆறாவது படி: வரைபடத்தில் உறுதி செய்யுங்கள்

ஊகித்தது சரியா என்று பார்க்க ஹாப்ஸ்புர்க் ராணுவ அளவை வரைபடங்களைப் போல உதவுவது வேறில்லை. முதல் அளவையில் ஹங்கேரிப் பகுதி 1780களில் வரையப்பட்டது, இரண்டாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் நடுவிலும், மூன்றாவது 1869இலிருந்து. மூன்றையும் ஆர்க்கானம் என்ற ஹங்கேரிய நிறுவனம் இன்றைய வரைபடத்தின் மேல் படியவைத்து இணையத்தில் போட்டிருக்கிறது. இன்றைய ஊரின் மேல் போய் நின்று பழைய அடுக்கைத் திறந்தால் அந்தக் காலத்து அதிகாரி காதில் விழுந்தபடி எழுதி வைத்த பெயர் தெரியும். வாரக்கணக்கில் அதிலேயே தொலைந்து போகலாம், எச்சரித்துவிட்டேன். கிராமங்களுக்கு லிப்ஸ்கி 1808இல் புடாவில் வெளியிட்ட இடப்பெயர் அகராதியும் 1913ஆம் ஆண்டு அரசாங்க ஊர்ப்பட்டியலும் கைகொடுக்கும். குடும்பப் பதிவுகள் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு 1895 அக்டோபர் 1 அன்றுதான் தொடங்குகிறது, அதற்கு முன்பு எல்லாம் தேவாலய ஏடுகள்.

ஒரு மாதிரி போட்டுப் பார்ப்போம். "தோடிஸ், கோமோர்ன் கொமிடாட், 1809" என்று ஒரு குறிப்பு. ஆண்டைப் பார்த்தால் பழைய பெரிய ஹங்கேரி, நெப்போலியன் போர்க்காலம். மாவட்டம் கோமோர்ன், டானூபின் இரு கரையிலும் பரவியது. முதல் எழுத்தை டி (D) என்பதிலிருந்து டீ (T) என்று மாற்றினால் டோடிஸ். ராணுவ வரைபடத்தில் டானூபுக்குத் தெற்கே வந்தால் பெரிய ஏரிக்கரையில் கோட்டையோடு ஓர் ஊர், இன்றைய பெயர் டாடா. நெப்போலியனிடம் வாக்ராமில் தோற்ற பிறகு ஆஸ்திரியப் பேரரசர் ஃப்ரான்ஸ் தங்கியிருந்த எஸ்டெர்ஹாசி மாளிகை அங்கே இருந்தது என்பதும் ஆண்டோடு பொருந்துகிறது. ஆண்டு, மாவட்டம், நிலம், பெயர் நான்கும் ஒத்துப்போனால் முடிந்தது. ஒன்று இடித்தாலும் மறுபடி மூன்றாவது படிக்குப் போங்கள்.

இன்று எழுதும்போதும் போகும்போதும்

கட்டுரை எழுதுகிறீர்கள் என்றால் இன்றைய பெயரை முதலில் போட்டு, மூலத்தில் இருந்த பெயரை ஒரு முறை பக்கத்தில் சொல்லிவிடுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ப்ரெஸ்புர்க்கை பிராட்டிஸ்லாவா என்று மட்டும் எழுதுவது எனக்கு உவப்பில்லை, அப்போது யாரும் அதை அப்படி அழைக்கவில்லை. ஓடன்புர்க், ஃபுன்ஃப்கிர்ஷென், ப்ளாட்டன்சே என்ற பாலட்டோன் ஏரி போன்றவை ஜெர்மன் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஷ்டைனமாங்கரை எல்லையோர ஆஸ்திரியர்கள் சொல்வார்கள், ஹாம்புர்க்கில் சொன்னால் விழிப்பார்கள்.

ஷ்வாபியக் கிராமங்களில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. 1946 ஜனவரி 19 அன்று புடாஓர்ஷிலிருந்துதான் ஹங்கேரிய ஜெர்மானியர்களை ஏற்றிய முதல் ரயில் ஜெர்மனிக்குப் புறப்பட்டது. 1948 வரை 2 லட்சத்துக்கு அருகே மக்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள், இன்று அந்த நாள் ஹங்கேரியில் அதிகாரப்பூர்வ நினைவு நாள். பல கிராமங்களின் நுழைவாயிலில் இரண்டு மொழியிலும் பெயர்ப்பலகை இருக்கிறது, அங்கே வுடெர்ஷ் என்று சொல்வது உங்களுக்குப் பழைய பெயர் தெரியும் என்று காட்டுவதற்கு மேல் வேறு பலவற்றையும் கிளறும்.

ரயில் டிக்கெட்டுக்கு ஹங்கேரியப் பெயரையே பழகிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு, மேற்கு எல்லையில் டியோரையும் ஷோப்ரோனையும் ஆஸ்திரியாவின் ஏபன்ஃபுர்ட்டையும் இணைத்து ஓடும் ரயில் நிறுவனம். ஹங்கேரியப் பெயரில் அந்த மூன்று ஊரும் இருக்கும், ஜெர்மன் பெயரில் இன்றும் ராப்-ஓடன்புர்க்-ஏபன்ஃபுர்ட், சுருக்கமாக ராபர்பான். ஷோப்ரோன் போக வேண்டியவர்கள் பெட்டியில் ராபர்பான் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வேறு வண்டி என்று இறங்கிவிட வேண்டாம்.